தண்ணீர் கொண்டுவரப் போனவன்

ரொகாட்டஸ் கண்ணைத் திறந்து "பசிக்குது" என்று சொன்ன காலையில், அவன் மனைவி ஸ்பெசினா தங்கள் ரொட்டிக்கடை அடுப்பின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கார்த்தேஜ் துறைமுகத் தெருவில் அந்தக் கோடையில் நோய் புகாத வீடு இல்லை. படுத்தவர் எழுந்ததாகக் கேள்விப்படுவதும் அபூர்வம். முதலில் வயிறு போகும். பிறகு தொண்டை வெந்து புண்ணாகும், கண் ரத்தமாய்ச் சிவக்கும், கடைசியில் கை கால் மரத்துப்போகும். ரொகாட்டஸுக்கு எல்லாமே வந்தது. எல்லாவற்றையும் அவள் ஒருத்தியே பார்த்தாள்.

வைத்தியர் ஊரை விட்டுப் போய்விட்டார். குன்றின் மேலிருக்கும் எஸ்முன் நோய் தீர்க்கிற சாமியாயிற்றே என்று, ஒரு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அத்தனை படியும் ஏறினாள். கோயில் கதவு பூட்டியிருந்தது.

"பூசாரிங்க எல்லாம் தோட்டத்து வீட்டுக்குப் போயாச்சு தாயி. சாமி மட்டும்தான் உள்ள இருக்கு" என்றான் படியில் கிடந்த ஒரு பிச்சைக்காரன்.

சாமிக்கென்று கொண்டுபோன சேவலைத் திரும்பக் கொண்டுவந்து, அடித்துச் சாறு வைத்து, புருஷன் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். சாமி கோபித்துக்கொள்ளுமோ என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சாறு இறங்கிய பிறகுதான் ரொகாட்டஸுக்கு மூச்சு சீரானது.

ரொகாட்டஸின் தம்பி நம்பாமோ மாடியில் இருந்தான். அண்ணன் படுத்த நாளிலிருந்து அவன் கீழே இறங்கவில்லை. படியில் ரொட்டியும் ஆலிவும் வைத்துவிட்டு அவள் நகர்ந்த பிறகு வந்து எடுத்துக்கொள்வான். "அண்ணி, நீங்க ஒரு தெய்வம்" என்று மேலேயிருந்து சொல்வான். அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. இளையவன், பயப்படுகிறான், அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

ரொகாட்டஸ் சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்த வாரத்திலேயே ஸ்பெசினா விழுந்தாள். மாவு பிசைந்துகொண்டிருந்தவள் தொட்டியின் மேலேயே சாய்ந்துவிட்டாள்.

காய்ச்சலில் கிடந்தாலும் காது கேட்டது. வாசல் நிலையருகே அண்ணனும் தம்பியும் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"உத்தினாவுக்குப் போயிடலாம்ணே. அங்க என் மாமனார் ஆலிவுத் தோப்புல வீடு இருக்கு. வண்டி கிடைக்கிறப்பவே கிளம்பணும்."

"இவளை என்னடா பண்றது?"

"அண்ணி முடிஞ்சுட்டாங்க. நீயே பாரு. வண்டியில ஏத்தினா வண்டிக்காரன் நம்மளையும் இறக்கிவிட்டுடுவான்."

ரொகாட்டஸ் ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். 'என்னைத் தூக்கி நிறுத்தினவ இவ' என்று சொல்வான். சொல்லாவிட்டாலும் தம்பியை ஒரு அறை விடுவான்.

"வீட்டுக்குள்ள செத்தா வீடு ஆகாது" என்றான் ரொகாட்டஸ்.

அந்தப் பேச்சு அவளுக்குப் புதிதல்ல. முன்பு இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, குழந்தையைக் கையில் வாங்காமலே "இது வீட்டுக்கு ஆகாது" என்று சொல்லி, துணியில் சுற்றிக் குப்பைமேட்டில் வைக்கச் சொன்னவன் அவன்தான். ஊரில் பாதிப் பேர் செய்வது அது. அவளும் அழுதுவிட்டு எழுந்து அடுத்த நாள் மாவு பிசைந்தாள். மூத்தவள் மூன்று வயதில் தானாகவே போய்ச் சேர்ந்தாள். அதன்பிறகு வயிறு திறக்கவில்லை.

இரண்டு பேரும் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, ரொட்டி அடுக்கும் நீளப் பலகையில் அவளைக் கிடத்தித் தூக்கிப் போனார்கள். தெருக்கோடியில் ஊற்றுத் தொட்டிக்குப் பக்கத்தில் தூண் வரிசை இருக்கிறதே, அந்த நிழலில் இறக்கினார்கள். அங்கே ஏற்கெனவே ஆறேழு பேர் கிடந்தார்கள். சிலர் அசைந்தார்கள். ஊற்றில் தண்ணீர் வந்து நாளாகியிருந்தது.

ஸ்பெசினா அவன் மேலங்கியின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

ரொகாட்டஸ் குனிந்தான். அவன் கண்ணில் நீர் இருந்தது. அதை அவள் தெளிவாகப் பார்த்தாள். "இந்தா, விடு. தண்ணி கொண்டுட்டு வரேன். இங்கயே இரு, இதோ வந்துடறேன்" என்றான்.

அவள் விட்டுவிட்டாள்.

*

வெயில் தூணின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போயிற்று. பக்கத்தில் கிடந்த செருப்புத் தைக்கிறவனின் முனகல் நின்றுவிட்டது. ஸ்பெசினா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள் தெருக் கிணற்றில் கூட்டமாக இருக்கும், வாளி கிடைத்திருக்காது, இப்போதுதானே எழுந்து நடக்கிறான், உட்கார்ந்து உட்கார்ந்துதான் வருவான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டாள்.

ஒரு கை அவள் தலையைத் தூக்கியது. வாயில் சுரைக்குடுவையின் விளிம்பு பட்டது.

அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். "வேணாம். அவர் தண்ணி கொண்டுவரப் போயிருக்கார்."

"வரட்டும் தாயி. வந்ததும் அதையும் குடி. இப்ப இதைக் குடி."

குரல் தெரிந்த குரல். கம்பளி சிக்கெடுத்துப் பிழைக்கும் குதுதா, மீன் சந்துக்குப் பின்னால் இருக்கும் கைம்பெண். கிறிஸ்தவக்காரி. அவளோடு ஒரு ஆள் நின்றான், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் மிக்கின். அவனும் அந்தக் கூட்டம்தான்.

ஸ்பெசினாவுக்குப் பயம் வந்தது. இந்த ஆட்கள் சாமிகளுக்குப் புகை போடாததால்தான் நோய் வந்தது என்று தெருவே கூடிக் கத்தியபோது அவளும் கடை வாசலில் நின்று கத்தியிருக்கிறாள்.

"உங்களாலதான் வந்துச்சுன்னு... நானும்தான் கத்தினேன்" என்றாள், அதையாவது சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று.

"தெரியும். எங்க சந்து வரைக்கும் கேட்டுச்சு. ரொட்டி கூவி விக்கிற தொண்டையாச்சே, சும்மாவா" என்றாள் குதுதா. "மிக்கினு, காலைப் பிடி."

"இது கனமா இருக்கும்போல இருக்கேக்கா. ரொட்டிக்காரன் பொண்டாட்டி, நல்லா தின்ன உடம்பு."

"நீ தூக்குற கோதுமை மூட்டையைவிடவா? பேசாம தூக்குடா."

அவர்கள் தூக்கியபோதும் அவள் தெருவைப் பார்த்தாள். அவன் வந்து பார்த்தால் இடம் காலியாக இருக்குமே என்று கவலைப்பட்டாள். பிற்பாடு அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது அந்தக் கவலையை நினைத்துத்தான். தெருவில் விட்டுப் போனதைக்கூட ஒருவேளை அவள் பொறுத்திருப்பாள். அவனும் பயந்தவன்தான், ஊரே அப்படித்தான் செய்தது. ஆனால் அவன் அவளைக் காக்க வைத்துவிட்டுப் போனான்.

*

துறைமுகத்தில் கப்பல் பாய் தைக்கும் பழைய கொட்டகையைக் கிறிஸ்தவர்கள் நோயாளிகளுக்கென்று எடுத்திருந்தார்கள். அங்கே மருந்து என்று ஒன்றும் இல்லை. தண்ணீர், பாலாடைக்கட்டி கரைத்த கோதுமைக் கஞ்சி, அழுக்குத் துணியை மாற்றுவது, ஈ ஓட்டுவது, அவ்வளவுதான். ஆனால் அவ்வளவும் வீட்டில் யாருக்கும் கிடைக்காமல்தான் பாதி ஊர் செத்துக்கொண்டிருந்தது. கொட்டகையிலும் செத்தார்கள். எனினும் எழுந்து உட்கார்ந்தவர்கள் அங்கேதான் அதிகம்.

ஸ்பெசினா எழுந்து உட்கார்ந்தாள். இடது காது போய்விட்டது. கால் விரல்களில் இரண்டில் உணர்வில்லை.

மிக்கின் அவள் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வெளியே தாழ்ப்பாள், பூட்டு. அடுப்பில் சாம்பல்கூட அள்ளாமல் போயிருக்கிறார்கள் என்றான்.

மறுநாள் குதுதா கஞ்சி ஊட்டும்போது ஸ்பெசினா கேட்டாள். "நான் உனக்கு என்ன உறவு? எதுக்கு இதெல்லாம் செய்ற?"

"செய்யச் சொல்லியிருக்கார்."

"யாரு, உங்க சாமியா? எங்க சாமி எதையும் செய்யச் சொல்லலையே. ஆடு கொடு, புகை போடுன்னுதான் சொல்லும்."

"எங்களவர் ஆடு கேக்கறதில்ல. படுத்துக் கிடக்கிறவனுக்குத் தண்ணி கொடுத்தா அது எனக்குக் கொடுத்ததுன்னு சொல்லிட்டுப் போயிட்டார். இப்ப யாரைப் பாத்தாலும் அவரோன்னு ஒரு சந்தேகம். வம்புல மாட்டி விட்டுட்டார்" என்று குதுதா சிரித்தாள்.

"நீங்க செத்துட்டா?"

"செத்தா அவர்கிட்ட போறோம். ஓடிப்போயி உயிரோட இருந்தா யார்கிட்ட போறது?"

பிறகு குதுதா குரலைத் தாழ்த்தி, தன் கதையைச் சொன்னாள். இரண்டு மூன்று வருஷம் முன்பு எல்லோரும் ஊர்ச் சாமிக்குப் புகை போட்டே ஆகவேண்டும் என்று ராஜாவின் உத்தரவு வந்ததே, அப்போது சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் உயிரை விட்டார்கள். குதுதா பலிபீடத்துக்குப் போய் ஒரு சிட்டிகை சாம்பிராணியை நெருப்பில் போட்டுவிட்டு வந்தாள்.

"ஒரு சிட்டிகைதான் தாயி. இந்த ரெண்டு விரலு. அப்புறம் சபைக்குள்ள என்னைச் சேக்கலை. வாசல்ல நின்னேன், மழையிலயும் நின்னேன். உள்ள அப்பம் பிட்டுக் கொடுக்கிற சத்தம் கேக்கும், எனக்குக் கிடையாது. நோய் வந்த பிறகுதான் உள்ள விட்டாங்க. அந்தக் கதவுக்கு வெளிய இன்னொரு தடவை நிக்க என்னால ஆகாது. செத்துடுவேன்."

"உங்க ஆளுங்களே உன்னை வெளிய வச்சாங்களா?"

"நான் அவரை வித்துட்டுப் போனவ. ஆனா கதவைச் சாத்தினாலும் சோறு அனுப்பினாங்க. யாரையும் தெருவுல சாக விடறதில்ல இங்க. அது மட்டும் நிச்சயம்."

அந்தப் பேச்சு ஸ்பெசினாவுக்குள் இறங்கியது. மூன்று நாள் கழித்து எழுந்த ஆண்டவர், வரப்போகும் ராஜ்யம் என்று சபையை நடத்தும் மூப்பர் பிரிமுலஸ் வந்து படுக்கைகளுக்கு நடுவில் நின்று சொன்னதில் பாதி அவளுக்குப் புரியவில்லை. மீதிப் பாதி அந்தச் செவிட்டுக் காதுப் பக்கமாகப் போய்விட்டது. இந்த ஒன்று மட்டும் புரிந்தது. தெருவில் சாக விடுவதில்லை.

நடக்க முடிந்ததும் அவளே தண்ணீர் சுமக்க ஆரம்பித்தாள். ஒருமுறை வந்து போன உடம்பை நோய் மறுபடி தொடுவதில்லை என்று எல்லோரும் கண்டுகொண்டிருந்தார்கள். அதனால் மோசமான படுக்கைகள் அவளுக்கு வந்தன. ஓடு சுடுகிறவன், கப்பல் ஆணி அடிக்கிறவன், அவள் கடைக்கு எதிர்க்கடைச் சாயக்காரி, எல்லோரும் அவள் கையில் கஞ்சி குடித்தார்கள். பிழைத்தவர்கள் திரும்பிப் போனால் வீட்டில் ஆள் இல்லை, அல்லது முகத்தில் விழிக்க முடியாத ஆள் இருந்தான். அப்படியே திரும்பிக் கொட்டகைக்கு வந்துவிடுவார்கள். ஞாயிறு காலையில் பிரிமுலஸின் பேச்சைக் கேட்க, மழைக்காலத்துக்குள் முற்றம் கொள்ளாத கூட்டம் வந்தது. ஸ்பெசினாவும் 'கேட்பவர்' கூட்டத்தில் சேர்ந்தாள். ஞானஸ்நானம் வாங்காதவர்கள் பேச்சு முடிகிறவரை கேட்கலாம். அப்பத்துக்கு நேரமாகும்போது வெளியே போய்விட வேண்டும், கதவு சாத்திக்கொள்ளும். வருகிற உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு அவளுக்குத் தண்ணீரில் இறங்கும் முறை வரும் என்றார்கள். எதற்காகவும் இப்படி ஆசையாகக் காத்திருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

*

மழை விட்ட ஒரு காலையில், கொட்டகை வாசலில் சுடச்சுட ரொட்டி வாசனை வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு கூடைகளோடு ரொகாட்டஸ் நின்றுகொண்டிருந்தான். இளைத்திருந்தான். தாடி வைத்திருந்தான்.

அவள் கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. படுத்திருந்தவருக்குக் கடைசி வாய் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்ட பிறகுதான் எழுந்தாள்.

"தண்ணி கொண்டுவந்தீங்களா?" என்று கேட்டாள்.

ரொகாட்டஸ் முகம் செத்துப்போயிற்று. "ஸ்பெசி..."

"கேக்கறேன். கொண்டுவரேன்னு போனீங்களே."

"நம்பாமோ செத்துட்டான்" என்றான் அவன். "உத்தினாவுல. அவன் படுத்ததும் அவன் மாமனார் வீட்டு ஆளுங்க அவனைத் தோப்புல தள்ளிட்டாங்க. நான்... நானும் ஒண்ணும் சொல்லலை. எனக்கு வந்துட்டுப் போயிடுச்சுன்னு தெரிஞ்சும் அவன்கிட்ட போகலை. ரெண்டு நாள் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். அண்ணே, அண்ணேன்னு."

அவளுக்கு நம்பாமோவின் குரல் காதில் கேட்டது, மாடிப்படியில் நின்று 'தெய்வம்' என்று சொன்ன குரல். பாவம் என்று நினைத்தாள். ஆனால் எதிரில் நின்றவன்மேல் இரக்கம் வரவில்லை.

"திரும்பி வந்து கடை அடுப்பை மூட்டினப்ப நீ... நீ செத்துட்டதாவே நினைச்சேன்" என்று தடுமாறினான். "காரியம்கூடச் செஞ்சேன். உன் பேருக்குப் பாலும் தேனும் ஊத்தினேன். அப்புறம் குதுதாம்மா கடைக்கு வந்து, நீ உசுரோட இருக்கேன்னு சொன்னப்ப—"

"யாரு சொன்னா?"

"குதுதாம்மா."

ஸ்பெசினா திரும்பினாள். கொட்டகையின் மூலையில் குதுதா துணி பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்த துணியையே மறுபடியும் பிழிந்தாள்.

"நீயா?"

குதுதா நிமிரவில்லை. "தானியக் கப்பல் வரலை, தாயி. கஞ்சிக்கு மாவு இல்லை. நாலு நாளா வெந்நீர்லதான் உப்புப் போட்டுக் கொடுக்கிறோம், உனக்குத் தெரியும். அவன் அடுப்பு எரியுது. போய்க் கேட்டேன். எதுக்குத் தரணும்னான். உன் பொண்டாட்டி அங்கதான் தண்ணி சுமக்கிறா, அவளுக்காகவாவது கொடுடான்னேன்."

"ரொட்டிக்காக என்னை வித்துட்ட."

"நாப்பது பேரு படுத்திருக்காங்கடீ!"

"ஆமா. நாப்பது பேரு." ஸ்பெசினாவின் குரல் உயரவே இல்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போய் அவன் கடைக் கதவை உடைச்சு மாவை அள்ளிட்டு வந்திருப்பேன். அது என் கை பிசைஞ்ச தொட்டி. சொல்லாமப் போயிட்டியே."

அன்று கொட்டகையில் எல்லோரும் ரொட்டி சாப்பிட்டார்கள். ஊட்டியவள் அவள்தான். அவள் மட்டும் தொடவில்லை.

*

ரொகாட்டஸ் தினமும் வந்தான். கூடையை வைத்துவிட்டுப் போகாமல், பிணங்களைத் தூக்க மிக்கினுக்குக் கை கொடுத்தான். அவனுக்கும் நோய் திரும்ப வராது. முகம் சுளிக்காமல் தூக்கினான், குழி வெட்டினான். ஞாயிறு காலை முற்றத்தில் பின்வரிசையில் நின்று தலைகுனிந்து கேட்டான். கொஞ்ச நாளில் பிரிமுலஸிடம் தன்னையும் கேட்பவர்களில் சேர்க்கச் சொன்னான்.

"எதுக்கு வரேன்னு வெளிப்படையாவே சொல்லிட்டான் தெரியுமா?" என்று மிக்கின் வந்து ஸ்பெசினாவிடம் சொன்னான். "'எனக்கு மறுபடி ஏதாச்சும் ஒண்ணு வந்தா தூக்க ஆள் வேணும். என் சொந்தக்காரங்க தூக்க மாட்டாங்க, நானே அவங்களைத் தூக்கலையே. நீங்க தூக்குவீங்க. அதனால வரேன்'ன்னான். மூப்பரு கோவிச்சுக்குவாருன்னு பாத்தா, 'பாதிப் பேர் அப்படித்தான் வராங்க தம்பி, வந்த பிறகு மீதியைக் கத்துக்கலாம்'னுட்டார்."

"நல்லா இருக்கு."

"ஆளு மாறிட்டான்னுதான் தோணுது. நிஜமாவே."

"மாறியிருக்கட்டும்" என்றாள் அவள்.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவன் பொய்யனாகவே இருந்திருந்தால் சுலபம். படுத்துக் கிடந்த கிழவர்களுக்கு அவன் தண்ணீர் கொடுத்தான். அந்நியர்களுக்கு அவன் கை நீண்டது. அந்த ஒரு நாள், இருபது வருஷம் கூடவே வாழ்ந்தவளுக்கு மட்டும் அது நீளவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் அவனைச் 'சகோதரன்' என்றார்கள். குதுதா அவன் கூடையிலிருந்து ரொட்டி எடுத்துக்கொண்டு, "ஆண்டவர் உன் அடுப்பை ஆசீர்வதிக்கட்டும்" என்றாள்.

பண்டிகைக்கு முந்திய வாரம் பிரிமுலஸ் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர். அவரும் ஒரு மகனை இந்த நோய்க்குக் கொடுத்திருந்தார்.

"உன் வீட்டுக்காரன் உன்னைக் கூப்பிடறான்மா. அழறான்."

"அன்னிக்கும் அழுதார், ஐயா."

"மனைவி கணவனை விட்டுப் பிரியக் கூடாதுன்னு நமக்குச் சொல்லப்பட்டிருக்கு. அவன் வேத்து மதத்தானா இருந்தாக்கூடப் பிரியக் கூடாது. இப்ப அவன் நம்மவன்."

"பிரிஞ்சது யாரு? பலகையில வச்சுத் தூக்கிட்டுப் போனாங்க ஐயா. நான் நடந்து போகலை."

"நீ வீட்டுக்குப் போகலைன்னாலும் போகட்டும். அதை நான் பாத்துக்கறேன். ஆனா மனசுல ஒருத்தன்மேல இதை வச்சுக்கிட்டு நீ தண்ணிக்குள்ள இறங்க முடியாது. சபை வழக்கப்படி அவனுக்கு ஒரு சமாதான முத்தம் கொடுத்தாகணும். அவனை மன்னிச்சேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லணும். எங்க ஆண்டவர் சிலுவையில தொங்கிக்கிட்டே சொன்னார்மா."

"அவர் பெரியவர். நான் ரொட்டிக்காரி."

"நாங்க எல்லாரும் அப்படிப்பட்டவங்கதான்."

"அப்ப நான் வெளியதானா?"

"வெளிய இல்லம்மா. வாசல்ல. கொஞ்ச காலம்."

"யாரையும் தெருவுல விடறதில்லைன்னு சொல்லித்தான் ஐயா என்னைத் தூக்கிட்டு வந்தீங்க." அவள் எழுந்துகொண்டாள். "அவரை ஒரே மழைக்காலத்துல உள்ள எடுத்துக்கிட்டீங்க. நான் உங்க துணியெல்லாம் துவைச்சிருக்கேன்."

பிரிமுலஸுக்கும் கண் கலங்கியது. ஆனால் சொன்ன சொல்லை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

வெளியே குதுதா காத்திருந்தாள். உள்ளே பேசியதெல்லாம் கேட்டிருக்கிறாள். ஸ்பெசினாவின் கையைப் பிடித்து, நல்ல காதுப் பக்கமாக வந்து கெஞ்சினாள். "வாயால ஒரு வார்த்தை சொல்லிடுடீ. மன்னிச்சேன்னு. மனசு மெதுவா வரும். நான் ராஜாவுக்குப் பயந்து ஒரு பொய் சொன்னேன், நீ கடவுளுக்காக ஒண்ணு சொல்லு. அவருக்குப் புரியும். அந்தக் கதவுக்கு வெளிய நிக்கறது என்னான்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்."

"வாயால சொன்னாப் போதும்னா, தண்ணி கொண்டுவரேன்னு என் வீட்டுக்காரரும் வாயாலதான் சொன்னார்" என்றாள் ஸ்பெசினா. "எனக்கு அது வேணாம்."

"அப்ப நானும் உன்கூட வெளிய நிக்கறேன்" என்றாள் குதுதா. சொல்லும்போதே அவள் கண் முற்றத்துக் கதவுப் பக்கம் போயிற்று.

*

பண்டிகையன்று விடிந்து வெயில் ஏறியபோது, தண்ணீரில் இறங்கி எழுந்தவர்கள் வெள்ளையுடுத்தி வரிசையாக முற்றத்துக்கு வந்தார்கள். இவ்வளவு பெரிய வரிசையை அந்தச் சபை பார்த்ததில்லை. சாயக்காரி வந்தாள். ஓடு சுடுகிறவன் வந்தான். ஸ்பெசினா கையால் கஞ்சி குடித்தவர்களே பாதிக்கு மேல். ரொகாட்டஸ் அவர்கள் நடுவில் ஈரத் தலையோடு வந்தான். அவளைப் பார்த்ததும் நின்றான். வரிசை அவனைத் தள்ளிக்கொண்டு போயிற்று.

பேச்சு முடிந்தது. "கேட்பவர்கள் போகலாம்" என்று குரல் வந்தது. ஸ்பெசினா மற்ற சிலரோடு வாசலைத் தாண்டினாள். திரும்பிப் பார்த்தாள். குதுதா கதவுக்கு உள்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கால் முன்னால் வந்தது. அவள் முகத்தில் ஓடிய பயத்தை ஸ்பெசினா பார்த்தாள். மழையில் நின்ற வருஷங்கள் எல்லாம் அந்த முகத்தில் இருந்தன.

"போ உள்ள" என்றாள் ஸ்பெசினா.

குதுதா முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளேயே நின்றுவிட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

குதுதா பாவம் என்பது ஸ்பெசினாவுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும், கதவுப் பலகையைப் பார்த்தபடி நிற்கையில், தூண் நிழலில் கிடந்தபோதுகூட வராத ஒரு குளிர் அவளுக்கு வந்தது. அன்று விட்டுப் போனவன் ஒருவன். இன்று உள்ளே இருக்கிறவர்கள் எல்லோரும் அவளை நேசிக்கிறவர்கள். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. அவளுக்கு ஒரு காதில்தான் கேட்டது.

அவள் ரொட்டிக்கடைக்குத் திரும்பவில்லை. சபையை விட்டும் போகவில்லை. கொட்டகையிலேயே ஒரு மூலையில் இருந்தாள். நோய் அடங்கும், இரண்டு வருஷம் கழித்து மறுபடி வரும், மறுபடி தண்ணீர் சுமப்பாள். ஒவ்வொரு பண்டிகைக்கும் பிரிமுலஸ் கேட்பார், அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிடுவாள். குதுதா கடைசியாகப் படுத்தபோது அவளைப் பார்த்தவளும் ஸ்பெசினாதான். வாயில் தண்ணீர் விட்டாள், அழுக்கு துடைத்தாள். "எம்மேல கோவம் போச்சா?" என்று குதுதா கேட்டாள். "போகலை. குடி" என்றாள் ஸ்பெசினா. குதுதா சிரிக்கப் பார்த்து, குடித்தாள்.

ரொகாட்டஸ் சபையில் பெரிய ஆளானான். கைம்பெண்களுக்கு ரொட்டி அவன் பொறுப்பு. அவன் செத்தபோது நாற்பது ஐம்பது பேர் தூக்கிப் போனார்கள்.

கொட்டகையில் எழுந்து உட்கார்ந்த புது ஆட்கள் ஸ்பெசினாவிடம் கேட்பார்கள், "எந்தச் சாமிம்மா உங்களை இப்படிச் செய்யச் சொல்லுது?" என்று.

அவள் முற்றத்துப் பக்கம் கையைக் காட்டுவாள். "அங்க போய்க் கேளுங்க. நல்லா சொல்வாங்க."

அவர்கள் போவார்கள். போனவர்களில் பெரும்பாலோர் அங்கேயே தங்கிவிடுவார்கள். கதவு சாத்தும் நேரத்தில், அவளால் பிழைத்து ஞானஸ்நானம் வாங்கிய யாராவது ஒருவர் திரும்பி அவளைத் தேடுவார், ஏன் இவள் இன்னும் வெளியே போகிறாள் என்று புரியாமல். அதற்குள் அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றுத் தெருவில் திரும்பியிருப்பாள்.